கைடில் இல்லாத ஒரு வாக்கியம்

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் ஜூன் மாதமே ஒரு பட்டியல் போட்டுவிடுவார்கள். கணக்குக்கு ஒரு டியூஷன், பிசிக்ஸுக்கு ஒன்று, கெமிஸ்ட்ரிக்கு ஒன்று. நீட் எழுதுகிற பிள்ளை என்றால் பயாலஜிக்கு இன்னொன்று. சாயங்காலம் ஆனால் மயிலாடுதுறை மணிக்கூண்டைச் சுற்றியுள்ள தெருக்களில் புத்தகப் பையோடு சைக்கிள்கள் இங்கும் அங்கும் ஓடும். குத்தாலம், மணல்மேடு, செம்பனார்கோயில் பக்கத்துப் பிள்ளைகள் கடைசி பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டே கணக்குப் போடுவார்கள்.

“இங்கிலீஷுக்கு எங்கே படிக்கிறே?” என்று கேட்டால் மட்டும் பிள்ளை சிரிக்கும். “அதுக்கெல்லாம் எதுக்கு டியூஷன்? கைடு இருக்கு, பாஸாயிடும்.”

பாஸாகியும் விடுகிறது. கல்லூரி திறந்த முதல் வாரத்தில்தான் வேறு கதை. வகுப்பில் ஆசிரியர் ஆங்கிலத்தில் பாடம் எடுக்கிறார். ‘உன்னைப் பற்றி நாலு வரி சொல்லு’ என்று எழுப்பி நிறுத்துகிறார். பள்ளியில் ஆங்கிலத்தில் 80 மதிப்பெண் வாங்கிய பிள்ளை, தன் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு அப்படியே நிற்கிறது. பன்னிரண்டு வருடம் படித்த பாடம் அந்த இடத்தில் கைகொடுக்கவில்லை.

இதற்குப் பிள்ளையைத் திட்டிப் புண்ணியமில்லை. பள்ளியின் கடைசி இரண்டு வருடத்தில் அந்தப் பாடம் எப்படிப் படிக்கப்படுகிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

கணக்கில் வராத பாடம்

தமிழ்நாட்டில் பிளஸ் டூ என்கிற மேல்நிலைப் படிப்பு 1978-ல் தொடங்கியது. அன்று முதல் தமிழ் பகுதி 1, ஆங்கிலம் பகுதி 2. மொத்த மதிப்பெண் 1,200 ஆக இருந்த காலத்தில் ஆங்கிலத்துக்கு இரண்டு தாள், 200 மதிப்பெண். பிறகு மொத்தம் 600 என்று மாறியது. ஆங்கிலமும் ஒரே தாளாகி 100 மதிப்பெண்ணுக்கு வந்தது. அதில் 10 பள்ளியிலேயே போடும் அகமதிப்பீடு. மீதி 90-க்குத்தான் பரீட்சை.

பொறியியல் கட் ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணக்குக்கு 100, பிசிக்ஸுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50. ஆங்கிலத்துக்குப் பூஜ்யம். மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண். அதிலும் ஆங்கிலப் பாடத்துக்கு இடமில்லை. அரசுக் கலைக் கல்லூரிகளில் பி.ஏ. ஆங்கில இலக்கியத்துக்கு மட்டும் பகுதி 2 மதிப்பெண்ணைப் பார்த்துத் தரவரிசை போடுகிறார்கள். மற்றப் பிரிவுகளுக்கு அதுவும் இல்லை.

ஆகவே வீட்டில் போடும் கணக்கு நியாயமானதுதான். எந்தப் பாடம் சீட் வாங்கித் தருமோ அந்தப் பாடத்துக்குத்தான் பணமும் நேரமும். இருப்பது ஒரு வருடம். பயிர் எது காய்கிறதோ அங்கேதான் தண்ணீரைத் திருப்ப முடியும். டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் கணக்கில் விட்டுப்போகும் ஒரு வரி உண்டு. சீட் வாங்கித் தருவது கணக்கும் பிசிக்ஸும். அந்த சீட்டில் உட்கார்ந்த பிறகு கணக்கையும் பிசிக்ஸையும் சொல்லித்தரப் போகும் மொழி பெரும்பாலும் ஆங்கிலம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020-லும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021-லும் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு வந்தது. கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளையும் மருத்துவக் கல்லூரிக்குள் கால் வைக்க அது வழி செய்தது. தமிழ் வழியில் படித்து அப்படி உள்ளே போகும் பிள்ளைக்கு முதல் வருடத்தில் முன்னால் நிற்கும் பெரிய சுவர், வகுப்பறையின் ஆங்கிலம். பாடம் புரியாமல் போனாலும் சந்தேகத்தைக் கேட்க வாய் வராது. கேட்காததால் மறுபடி புரியாது. இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு, ‘எனக்கு மண்டையில் ஒன்றுமில்லை’ என்று தன்னைத்தானே முடிவு கட்டிக்கொள்ளும் பிள்ளைகள்தான் பாவம். மண்டையில் எல்லாம் இருக்கிறது. வாக்கியம்தான் இல்லை.

ஒரே பாராகிராஃப், எல்லாப் பாடத்துக்கும்

வினாத்தாளை ஒருமுறை விரித்துப் பார்த்தால் இந்த வாக்கியப் பஞ்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். ஒரு மதிப்பெண் கேள்விகள் 20. இரண்டு மதிப்பெண்ணுக்கு 7 எழுத வேண்டும். மூன்று மதிப்பெண்ணுக்கு 7. ஐந்து மதிப்பெண்ணுக்கு 7. ஆக 20, 14, 21, 35. மொத்தம் 90.

பொருள் தரும் சொல், எதிர்ச்சொல், பாடல் வரிக்குக் கேள்வி, கடிதம், பொதுக் கட்டுரை, பிழை திருத்தம், பத்தியைப் படித்து விடை எழுதுதல் என்று எல்லாமே அதில் உண்டு. வினாத்தாள் மோசம் என்று சொல்ல முடியாது. ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு அது நல்ல பயிற்சி.

ஆனால், படிக்காமலே அதைக் கடக்க ஒரு குறுக்குப் பாதை போட்டாகிவிட்டது. ஒரு பொதுவான பாராகிராஃபை மனப்பாடம் செய்துகொண்டு, பாடத்தின் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் மட்டும் மாற்றி எல்லாப் பாடத்துக்கும் எழுதுகிற முறை அது. இந்தப் பாடம் மிக அருமையானது, ஆசிரியர் அழகாக எழுதியிருக்கிறார், இதிலிருந்து நல்ல கருத்தைக் கற்கிறோம், முடிந்தது. டால்ஸ்டாய்க்கும் அதே பாரா, ஆர்வெல்லுக்கும் அதே பாரா. மெல்லக் கற்போர் கையேடு, மினிமம் மெட்டீரியல் என்று பல பெயர்களில் இது கை மாறுகிறது.

இதில் ஆசிரியர்கள் மீது பழி போடுவது சுலபம். ஒரு வகுப்பில் பலதரப்பட்ட பிள்ளைகள். எழுத்துக் கூட்டியே ஆங்கிலம் படிக்கும் பிள்ளையும் அதில் உண்டு. தேர்ச்சி சதவிகிதம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஆசிரியர்தான். அந்தப் பிள்ளையை 35 மதிப்பெண் கரையேற்ற அவர் கையில் இருக்கும் ஒரே பரிசல் இந்த மெட்டீரியல். அதில் ஏறித்தான் பல பிள்ளைகள் கல்லூரி வாசலைப் பார்த்திருக்கிறார்கள். கைடைத் தூக்கி எறி என்று சொல்வது, அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் பேசும் பேச்சு.

70-ம் 80-ம் வாங்கக்கூடிய பிள்ளைகளும் அதே பரிசலில் ஏறிக்கொள்வதுதான் சங்கடம். மனப்பாடம் செய்த வாக்கியம் அச்சில் போட்ட மாதிரி பிழையில்லாமல் இருக்கும். அதனால் மதிப்பெண் விழும். மதிப்பெண் விழுவதால் ஆங்கிலம் வந்துவிட்டது என்ற நினைப்பும் வரும். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதினால் பிழை வரும், மதிப்பெண் குறையும். அதனால் எழுதுவதில்லை. நீச்சல் தெரியாதவன் தண்ணீரில் இறங்காமலே கரையில் பரிசு வாங்கிய கதை.

புத்தகத்துக்குள் இருப்பது யார்?

இத்தனைக்கும் அந்தப் பாடப்புத்தகம் தள்ளி வைக்கக்கூடிய புத்தகம் இல்லை. 2019-ல் வந்த பிளஸ் டூ ஆங்கிலப் புத்தகத்தில் 6 அலகுகள். ஒவ்வொன்றிலும் ஓர் உரைநடை, ஒரு கவிதை, ஒரு துணைப்பாடம். அதைப் புரட்டினால் அந்நியர்களை விடத் தெரிந்தவர்கள்தான் அதிகம் என்று தோன்றும்.

‘தி சேர்’ என்று ஒரு பாடம். எழுதியவர் இங்கிலாந்துக்காரர் இல்லை, இடைசெவல்காரர். கி.ராஜநாராயணனின் ‘நாற்காலி’ கதைதான் அங்கே ஆங்கிலத்தில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கு வந்த ஒரு பெரிய மனிதரை உட்காரவைக்க நாற்காலி இல்லாமல் போன சங்கடத்தில், ஒரு கிராமத்துக் குடும்பம் நாற்காலி செய்யக் கிளம்புகிறது. என்ன மரம், என்ன உயரம் என்று வீடே கூடிப் பேசுகிறது. ஆசை ஆசையாகச் செய்த நாற்காலியை, ஊரில் ஒரு சாவு விழுந்ததும் இறந்தவரை உட்காரவைக்க இரவல் கேட்டு வாங்கிப் போகிறார்கள். திரும்பி வந்த நாற்காலியில் உட்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு நடுக்கம். இந்தக் கதையைப் புரிந்துகொள்ள எந்தப் பிள்ளைக்குக் கைடு வேண்டும்? பாட்டியிடம் சொன்னால் பாட்டி இன்னொரு கதை சொல்வாள்.

‘அவர் கேசுவரினா ட்ரீ’ என்று ஒரு கவிதை. கேசுவரினா என்றால் ஏதோ வெளிநாட்டு மரம் என்று மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள். அது சவுக்கு மரம். பூம்புகாரிலிருந்து தரங்கம்பாடி வரை கடற்கரை மணலில் தோப்புத் தோப்பாக நிற்கிறதே, அதே சவுக்கு. காற்றடித்தால் அது போடும் இரைச்சலை இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டாம். எழுதியவர் தோரு தத், கல்கத்தாப் பெண். 1856-ல் பிறந்து 1877-ல் இறந்துபோனார். வயது 21. கூடப் பிறந்தவர்களையும் முன்பே பறிகொடுத்தவர். சின்ன வயதில் அந்த மரத்தடியில் சேர்ந்து விளையாடியவர்கள் இப்போது இல்லை, மரம் மட்டும் நிற்கிறது என்ற துக்கம்தான் கவிதை. பிளஸ் டூ மாணவியை விட நாலைந்து வயதுதான் பெரியவர் என்று வகுப்பில் ஒரு வார்த்தை சொன்னால், அந்தக் கவிதையைப் படிக்கும் விதமே மாறிவிடும்.

ஷேக்ஸ்பியரின் நாடகத்திலிருந்து ஒரு பகுதி. உலகமே நாடக மேடை, மனிதனுக்கு ஏழு பருவம் என்று பிறப்பிலிருந்து முதுமை வரை ஒரு பாத்திரம் அடுக்கிக்கொண்டே போகிறது. தமிழ்ப் பாடத்தில் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று பெண்ணின் ஏழு பருவத்தைப் படித்த பிள்ளைக்கு இது புதுசா என்ன? அங்கே ஏழு, இங்கேயும் ஏழு. அங்கே கடைசிப் பருவம் பல் போய், பார்வை போய் முடிகிறது. இங்கே உலா இலக்கியம் பேரிளம்பெண்ணோடு, 40 வயதோடு நிறுத்திக்கொள்கிறது. ஏன் அப்படி? இந்த ஒரு கேள்வியை வைத்து ஒரு பீரியட் முழுக்கப் பேசலாம்.

ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘எ நைஸ் கப் ஆஃப் டீ’யும் இருக்கிறது. பிகாரில் மோதிஹாரியில் பிறந்த ஆங்கிலேயர் அவர். 1946-ல் பத்திரிகையில் எழுதிய அந்தக் கட்டுரையில், நல்ல டீ போட 11 விதிகள் சொல்கிறார். முதலில் டீயை ஊற்று, அப்புறம்தான் பால், சர்க்கரை போடவே போடாதே என்று ஒரே கண்டிப்பு. கும்பகோணம் டிகிரி காபிக்கு ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிற ஊரில், இதைவிடச் சுலபமாகப் பிள்ளைகளை எழுதவைக்கும் பாடம் வேறு கிடைக்குமா? டிகாக்‌ஷன் எப்படி இறங்க வேண்டும், பால் தண்ணீர் கலக்காமல் ஏன் இருக்க வேண்டும், டபராவில் எத்தனை ஆற்று என்று ஒவ்வொரு வீட்டிலும் 11 விதிகள் தயாராக இருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதத்தான் ஆள் இல்லை.

மாயூரம் முன்சீப் காட்டிய வழி

இந்த ஊருக்கு ஆங்கிலத்தோடு உள்ள உறவு நேற்று வந்ததில்லை. 1780-களிலேயே தஞ்சாவூரில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரப் பள்ளி வைத்தவர் பாதிரியார் சுவார்ட்ஸ். அதன்பின் ஆங்கிலம் படித்தவர்களுக்குக் கச்சேரியிலும் கலெக்டர் ஆபீஸிலும் வேலை கிடைத்தது. ஆங்கிலம் என்றால் உத்தியோகம் என்ற நினைப்பு அப்போதிலிருந்தே ஊறிவிட்டது.

அந்த உத்தியோகத்துக்கு வந்தவர்களில் ஒருவர் வேதநாயகம் பிள்ளை. 1826-ல் திருச்சி அருகே குளத்தூரில் பிறந்தவர். ஆங்கிலமும் தமிழும் படித்து, நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, 1857-ல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பிறகு மாயூரத்தில் நெடுநாள் அந்தப் பதவியில் இருந்ததால் ஊர்ப் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1879-ல் அச்சான அவருடைய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவல் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள்.

அதற்கு முன்பே அவர் செய்த இன்னொரு வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. வழக்குக்காரர்களுக்கு அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. அவற்றைத் தமிழில் சுருக்கி ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று 1862-ல் புத்தகமாகப் போட்டார். தன் நாவலிலேயே, தமிழ் பேசும் நாட்டில் வக்கீல்கள் யாருக்கும் புரியாத ஆங்கிலத்தில் வாதாடுவதைக் கிண்டலும் கோபமுமாகக் கேள்வி கேட்டார்.

ஆங்கிலம் தெரிந்த அதே மனிதர்தான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு நெருங்கிய நண்பர். உ.வே.சாமிநாதையர் மாயூரத்துக்கு வந்து மகாவித்துவானிடம் பாடம் கேட்ட காலத்தில், ஊரில் முன்சீபாக இருந்தவர் இவர். ஒரு கையில் ஆங்கிலச் சட்டப் புத்தகம், இன்னொரு கையில் தமிழ்ச் சுவடி. ஒன்று வந்ததால் மற்றொன்று போகவில்லை. ஆங்கிலத்தில் படித்ததைத் தன் ஊர்க்காரனிடம் சொல்ல அவரிடம் சொந்த வார்த்தை இருந்தது. படித்தது மண்டைக்குள் போனால்தான் அப்படி இன்னொரு மொழியில் வெளியே வரும். மனப்பாடம் செய்தவரால் தீர்ப்பை ஒப்பிக்கலாம், சுருக்கிச் சொல்ல முடியாது.

பிளஸ் டூ பிள்ளைக்கு வேண்டியதும் இந்த வித்தைதான், எதிர்த் திசையில். தமிழில் யோசித்ததை, தன் வீட்டில் நடந்ததை, ஆங்கிலத்தில் சொல்லத் தெரிய வேண்டும்.

பாட்டி உட்காராத நாற்காலி

ஒரு மாணவி ‘தி சேர்’ பாடத்தைப் படித்துவிட்டு, கைடைத் திறக்காமல் ஒரு வாக்கியம் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் சொல்ல நினைப்பது, ‘எங்கள் பாட்டி நாற்காலியில் உட்கார மாட்டாள்’ என்பது. எழுதியது: ‘மை கிராண்ட்மதர் நோ சிட்டிங் சேர்.’

பார்த்தவுடன் சிரிப்பு வரும். சிரித்துவிட்டால் அதோடு சரி, அந்தப் பிள்ளை அடுத்த வாக்கியத்தை எழுதாது. கைடுக்கே திரும்பிவிடும்.

சிரிக்காமல் பார்த்தால், அந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று இலக்கணப் பாடம் இருக்கிறது. தமிழில் ‘மாட்டாள்’ என்ற ஒரே சொல்லில் மறுப்பும் வந்துவிடும், பெண் என்பதும் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் மறுப்புக்குத் தனியாக ‘டஸ் நாட்’ வேண்டும். இது முதல் பாடம். ‘டஸ்’ வந்த பிறகு ‘சிட்டிங்’ வராது, ‘சிட்’தான் வரும். இது இரண்டாவது. தமிழில் ‘நாற்காலியில்’ என்று ‘இல்’ பின்னால் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அது ‘ஆன்’ என்று முன்னால் தனியாக நிற்கும், கூடவே ‘எ’ என்று ஒரு குட்டிச் சொல்லும் வரும். தமிழில் அதற்குச் சமமான சொல்லைப் பெரும்பாலும் போடாமலே பேசுகிறோம் என்பதால்தான் எல்லாரும் அதை மறக்கிறார்கள். இது மூன்றாவது.

திருத்தினால், ‘மை கிராண்ட்மதர் டஸ் நாட் சிட் ஆன் எ சேர்.’ இது எந்தக் கைடிலும் இல்லாத வாக்கியம். அவளுடைய பாட்டியைப் பற்றி அவள் மட்டும் எழுதக்கூடிய வாக்கியம். வினாத்தாளில் பிழை திருத்தம் என்று கேட்பதெல்லாம் இந்த மாதிரி இடங்களைத்தான். சொந்தப் பிழையைத் திருத்திக் கற்றவளுக்கு அடுத்தவர் பிழை கண்ணில் படும்.

தமிழ் பேசும் பிள்ளைகள் செய்யும் ஆங்கிலப் பிழைகள் முட்டாள்தனத்தால் வருபவை அல்ல. அவை தமிழ் இலக்கணத்தின் நிழல். ‘பஸ்ஸில்’, ‘மேஜையில்’, ‘வீட்டில்’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே ‘இல்’ போட்டுப் பழகியவருக்கு இன், ஆன், அட் என்ற மூன்றில் எதைப் போடுவது என்று குழப்பம் வருவது இயற்கை. இதைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டாலே பாதி வெட்கம் போய்விடும்.

ஒரு பாடத்துக்கு நாலு நாள்

இதற்குத் தனி டியூஷன் தேவையில்லை. ஒரு பாடத்துக்கு நாலு நாள், நாளுக்கு அரை மணி போதும்.

முதல் நாள், கைடில்லாமல் பாடத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். தெரியாத சொல் வந்தால் அடிக்கோடு மட்டும். நிறுத்தக் கூடாது. கதை எங்கே போகிறது என்று தெரிந்தால் போதும்.

இரண்டாம் நாள், அந்தக் கதையைத் தமிழில் வீட்டில் யாருக்காவது சொல்ல வேண்டும். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்கலாம். அப்பா வயலிலிருந்து வந்து கால் கழுவும்போது கேட்கலாம். வெரோனா நகரத்தில் இரண்டு சிறுவர்கள் பழம் விற்று, ஷூ பாலிஷ் போட்டு, ஆஸ்பத்திரியில் இருக்கும் அக்காவுக்கு யாருக்கும் சொல்லாமல் பணம் கட்டிய கதை அந்தப் புத்தகத்தில் முதல் பாடம். அதை வாய்விட்டுச் சொல்லும்போது எங்கே புரியவில்லை என்பது சொல்பவருக்கே தெரியும். அந்த இடத்தில் தட்டும்.

மூன்றாம் நாள், அடிக்கோடிட்ட சொற்களில் ஐந்தை மட்டும் அகராதியில் பார்த்துவிட்டு, ஐந்து வாக்கியம் சொந்தமாக எழுத வேண்டும். பாடத்தைப் பற்றி மூன்று, பாடத்தைத் தன் வீட்டோடும் ஊரோடும் சேர்த்து இரண்டு. பிழை வரட்டும்.

நாலாம் நாள் கைடைத் திறக்கலாம். இப்போது கைடு எஜமான் இல்லை, எடுபிடி. தான் எழுதியதையும் அதில் இருப்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்று தெரியும். ஆசிரியரிடம் ஐந்து வாக்கியத்தையும் நீட்டினால் எந்த ஆசிரியரும் திருத்தாமல் அனுப்ப மாட்டார். ஒப்பித்த விடையையே வருடம் முழுக்கத் திருத்திச் சலித்தவருக்குப் பிள்ளையின் சொந்த வாக்கியம் பார்க்கச் சந்தோஷமாகவே இருக்கும்.

கையில் இருக்கும் போனும் இதில் உதவும். ஒரு சொல்லை எப்படி உச்சரிப்பது என்று கேட்டுக்கொள்ளலாம். சொந்த வாக்கியத்தைப் படித்துப் பதிவு செய்து தானே கேட்கலாம். முழுப் பத்தியையும் ஒரு நொடியில் மொழிபெயர்த்து வாங்கி நோட்டில் எழுதினால் மட்டும், அது இன்னொரு கைடு. எழுதியது போன்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

‘எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே, நாங்க என்ன சொல்லிக்கொடுக்க முடியும்?’ என்று பெற்றோர் கேட்பார்கள். சொல்லிக்கொடுக்க வேண்டாம். கேட்டால் போதும். ‘இன்னிக்கு என்ன கதை படிச்சே?’ என்று வாரத்துக்கு ஒரு தடவை கேட்கும் வீட்டில், பிள்ளை பாடத்தைப் புரட்டாமல் இருக்க முடியாது.

‘எவ்வளவு மார்க்?’ என்ற கேள்வியோடு, ‘சொந்தமா எவ்வளவு எழுதினே?’ என்றும் கேட்கலாம். சொந்தமாக எழுதி 62 வாங்கிய பிள்ளை, மனப்பாடத்தில் 85 வாங்கிய பிள்ளையை விடக் கல்லூரியில் முன்னால் நிற்கும். அந்த 62-ஐப் பார்த்து முகம் சுளிக்காமல் இருப்பதே பெற்றோர் செய்யும் பெரிய உதவி.

இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துவிட்டோம், கவலையில்லை என்று இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். மீடியம் மாறினாலும் கைடு ஒன்றுதான். எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில் ஒப்பிக்கிற பிள்ளைக்கும், பாட்டியைப் பற்றி ஒரு வாக்கியம் கேட்டால் அதே தடுமாற்றம் வரும்.

தாமதமாக வந்தவர்களுக்கும் உண்டு

மாயூரத்துக் காவிரித் துலாக் கட்டத்தில் ஐப்பசி முழுக்க நீராடுவது விசேஷம். மாதத்தின் கடைசி நாள் கடைமுழுக்கு. அதற்குள் வந்து சேர முடியாமல், நடக்க இயலாத ஒரு பக்தர் மறுநாள் கார்த்திகை முதல் தேதி வந்து நின்றார், அவருக்கும் அதே பலன் கிடைத்தது என்று ஐதீகம். அந்த நாளில் முழுகுவதற்கு இந்த ஊரில் இன்றும் தனிப் பெயர் உண்டு. பிந்தி வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதற்கு ஒரு நாளையே ஒதுக்கி வைத்திருக்கும் ஊர் இது.

ஆங்கிலமும் அப்படித்தான். ஆறாம் வகுப்பில் விட்டுப்போயிற்று, பத்தாம் வகுப்பில் தப்பித்துக்கொண்டேன், இனி எங்கே வரப்போகிறது என்று பதினேழு வயதில் கையை விரிக்க வேண்டியதில்லை. பிளஸ் ஒன், பிளஸ் டூ என்ற இரண்டு வருடம், வாரத்துக்கு ஐந்து சொந்த வாக்கியம் என்று வைத்தால்கூட ஐந்நூறைத் தாண்டும். ஐந்நூறு வாக்கியம் சொந்தமாக எழுதிய பிள்ளை, கல்லூரியில் எழுப்பி நிறுத்தும்போது பெயரோடும் ஊரோடும் நிற்காது.

முதல் வாக்கியம் பிழையாகத்தான் வரும். அதை இன்றைக்கே எழுதிவிடலாம்.